கள்ள உறவு தெரிந்ததும் கொலைகாரன் என்று முடிவு கட்டிவிட்டேன்: உளவியல் திகில் நாவல்களை எப்படி வாசிக்கிறோம்?

செங்காந்தள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜில்லியன் ஃப்ளின் எழுதி 2012இல் வெளிவந்த ‘கான் கேர்ள்’ நாவலை மிகவும் தாமதமாக, போன வாரம்தான் படித்து முடித்தேன். திரைப்படத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே கதையின் நடுவில் வரும் திருப்பம் எனக்குச் சேதாரமில்லாமல் முழுதாகக் கிடைத்தது. அதைச் சொல்லாமல் என் கேள்வியைக் கேட்க முடியாது என்பதால், இன்னும் படிக்காதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிசௌரி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், ஐந்தாவது திருமண நாளன்று, ஏமி வீட்டிலிருந்து காணாமல் போகிறாள். ஓர் அத்தியாயத்தைக் கணவன் நிக் சொல்கிறான். அடுத்த அத்தியாயம் ஏமியின் பழைய நாட்குறிப்பிலிருந்து வருகிறது. நிக் போலீசாரிடம் பொய் சொல்கிறான். தான் சொன்ன பொய்களை நமக்கு எண்ணியும் காட்டுகிறான். அவனிடம் இருக்கும் இரண்டாவது கைப்பேசி அவ்வப்போது அதிர்கிறது, அழைப்பது யார் என்று அவன் சொல்வதில்லை. இத்தனையையும் பார்த்துக்கொண்டே வந்தும் நான் அவனைச் சந்தேகித்தேனே ஒழிய, முடிவு கட்டவில்லை. பிறகு ஓரிரவு, அவன் தங்கியிருக்கும் சகோதரியின் வீட்டுக்கு ஆண்டி என்ற இளம்பெண் வருகிறாள். அவள் அவனுடைய மாணவி. தனக்கு இப்படியொரு தொடர்பு இருப்பதை அப்போதுதான் அவன் ஒப்புக்கொள்கிறான். இதற்கு மேல் உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும் என்றும் நம்மிடமே சொல்கிறான். அந்தப் பக்கத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு, “இவன்தான் கொன்றிருக்கிறான்” என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து அறையிலிருந்து என் கணவர் எட்டிப்பார்த்தார்.

நாவலை முடித்த பிறகு அந்த இடத்துக்குத் திரும்பிப் போனேன். ஆண்டி வந்ததால் புதிய தடயம் எதுவும் வரவில்லை. பொய்கள் முன்பே இருந்தன, உடல் முன்பும் கிடைக்கவில்லை பின்பும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு செய்தி கூடியது, அவ்வளவுதான்: அவன் மனைவிக்குத் துரோகம் செய்தவன். அந்தச் செய்தி வந்த நொடியில், அதுவரை ஐயத்தோடு படித்துவந்த ஏமியின் நாட்குறிப்பை வரிக்கு வரி நம்பத் தொடங்கினேன். அந்த நாட்குறிப்போ, கணவனைக் கொலைப்பழியில் மாட்டிவிடத் தானே ஒளிந்துகொண்ட அவள், போலீசாரும் பொதுமக்களும் படித்து இரக்கப்படும்படி திட்டமிட்டு எழுதி வைத்த பொய். அப்படியானால் ஏமி என்னையும் கணக்கில் வைத்துத்தானே அதை எழுதியிருக்கிறாள்?

இந்த வகை நாவல்களில் கொலையும் கள்ள உறவும் ஏன் பிரியாமல் சேர்ந்தே வருகின்றன, அந்தச் சேர்க்கை வாசிக்கும் நம்மை என்ன செய்கிறது என்பதைப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.


மாடிப்படி வாசகன் எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் தோழி தன்மேல் தேவைக்கு அதிகமாகப் பழி போட்டுக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். மனைவி காணாமல் போயிருக்கிறாள், கணவனுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருக்கிறது என்றால், அதைக் கொலைக்கான நோக்கம் என்று எந்தக் காவல் அதிகாரியும் குறித்துக்கொள்வார். அது மூடநம்பிக்கை ஆகாது, சாதாரண ஊகம்தான்.

எனக்கு இந்த நாவல்களின் மேல் இருக்கும் குறை வேறு. கதைசொல்லிக்குத் தெரிந்த ஒன்றை அவன் எழுத்தாளரின் வசதிக்காக நம்மிடமிருந்து மறைக்கிறான். ஆண்டியைப் பற்றி நிக் இத்தனை பக்கங்கள் வாய் திறக்காமல் இருந்ததற்கு, எழுத்தாளர் அதைப் பிற்பாடு அவிழ்க்க விரும்பினார் என்பதைத் தவிரக் காரணம் என்ன? அகதா கிறிஸ்டி 1926இலேயே ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலில் இதைச் செய்தார். அன்றும் வாசகர்கள் பலர் ஏமாற்றப்பட்டதாகக் கோபப்பட்டார்கள். ஆனால் கிறிஸ்டி ஆட்டத்தை நேர்மையாக ஆடினார் என்பேன். கதையைச் சொல்லும் மருத்துவர், ஒன்பதுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கடிதம் வந்தது என்றும், ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தான் அறையை விட்டுக் கிளம்பியதாகவும் எழுதுகிறார். இடைப்பட்ட பத்து நிமிடங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கதவுப் பிடியில் கை வைத்தபடி, செய்யாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்ததாக மட்டும் சொல்கிறார். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. அவரே செய்த கொலை அந்தப் பத்து நிமிடங்களுக்குள் நடந்து முடிந்திருக்கிறது, நாமும் அதைத் தாண்டி வந்துவிட்டோம். இதைத்தான் நான் கைத்திறன் என்பேன். பொய்யான நாட்குறிப்பைப் பக்கம் பக்கமாகக் கொடுத்துவிட்டு, இது பொய் என்று பிறகு அறிவிப்பதில் என்ன திறமை இருக்கிறது?


நெறியாளர் எழுதியது:

ஒரு வேண்டுகோள். இந்த இழையில் நாவல்களின் முடிவுகள் பேசப்படும். எந்த நாவலைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், படிக்காதவர்கள் விலகிக்கொள்ள வசதியாக இருக்கும்.


பழைய வக்கீல் எழுதியது:

நான் நாற்பது ஆண்டுகள் பெரும்பாலும் குற்றவியல் வழக்குகளை நடத்தி ஓய்வு பெற்றவன். நான் பேசப்போவது நாவல் அன்று, உண்மையில் நடந்த வழக்கு. ஆனால் அதற்குள் ஒரு நாவல் இருக்கிறது.

லண்டனின் புறநகரான இல்ஃபோர்டில், 1922 அக்டோபர் 3ஆம் தேதி நாடகம் பார்த்துவிட்டு நள்ளிரவையொட்டி வீடு திரும்பிக்கொண்டிருந்த பெர்சி தாம்சன் என்பவரை ஓர் இளைஞன் வழிமறித்துக் கத்தியால் குத்திக் கொன்றான். அருகில் நடந்துவந்தவள் அவருடைய மனைவி எடித். குத்தியவன் ஃப்ரெடரிக் பைவாட்டர்ஸ். கப்பலில் வேலை செய்துவந்த இருபது வயது இளைஞன், எடித்தின் காதலன். வேண்டாம், வேண்டாம் என்று ஒரு பெண்ணின் குரல் கேட்டதாக அக்கம்பக்கத்தவர் சாட்சி சொன்னார். தாக்குதல் நடக்கப்போவது எடித்துக்குத் தெரியாது என்று பைவாட்டர்ஸ் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தான்.

எடித்துக்கு எதிராக இருந்தவை அவள் எழுதிய கடிதங்கள். கப்பலில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காதலனுக்கு அவள் எழுதிக் குவித்தவற்றை அவன் பத்திரமாக வைத்திருந்தான். போலீசார் அறுபதுக்கும் மேற்பட்ட கடிதங்களைக் கைப்பற்றினார்கள். மின்விளக்கின் கண்ணாடியைப் பொடித்துக் கணவனின் உணவில் கலந்ததாக அவற்றில் எழுதியிருந்தாள். உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்த பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரி, நஞ்சுக்கோ கண்ணாடித் தூளுக்கோ அடையாளம் எதுவும் இல்லை என்றார். அக்காலத்தில் இங்கிலாந்தில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்னும் அளவுக்குப் பெயர் பெற்ற தடயவியல் மருத்துவர் அவர். அப்படியிருந்தும் ஜூரிகள் கடிதங்களைத்தான் நம்பினார்கள்.

இந்த இழையில் நான் இதைக் கொண்டுவரக் காரணம் இனிமேல்தான் வருகிறது. எடித் தீவிரமான நாவல் வாசகி. கடிதங்களில் நிறையவே அவள் படித்த புத்தகங்களைப் பற்றிய பேச்சு. பாத்திரங்களைத் தெரிந்த மனிதர்களைப் போல வைத்து, அவள் இப்படிச் செய்தது சரியா, நீ என்ன நினைக்கிறாய் என்று காதலனிடம் விவாதிப்பாள். நாம் இப்போது இங்கே செய்துகொண்டிருப்பதும் அதுதான். ராபர்ட் ஹிச்சன்ஸ் எழுதிய ‘பெல்லா டோனா’ என்ற நாவலும் அவற்றில் ஒன்று. மனைவி ஒருத்தி கணவனுக்குச் சிறிது சிறிதாக நஞ்சு கொடுப்பது அதன் கதை. அரசுத் தரப்பு அந்த நாவலையே நீதிமன்றத்தில் எடுத்து வைத்துப் பேசியது. நீதிபதி ஷியர்மன், மணமான ஒரு பெண் வேறொருவனை விரும்பியதைக் குறித்துத் தமக்கிருந்த அருவருப்பை ஜூரிகளிடம் மறைக்கவில்லை.

1923 ஜனவரி 9ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஹாலோவே சிறையில் எடித்தும், பென்டன்வில் சிறையில் பைவாட்டர்ஸும் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். எடித்துக்கு அப்போது வயது 29.

மாடிப்படி வாசகன் சொல்வதுபோல் கள்ள உறவை நோக்கம் என்று குறித்துக்கொள்வதில் தவறில்லை. நோக்கம் என்பது விசாரணையைத் தொடங்குவதற்கான இடம். செங்காந்தள் அம்மா சொல்லியிருப்பது அந்த இடத்திலேயே தீர்ப்பையும் எழுதிவிடுவதைப் பற்றி. இல்ஃபோர்டு வழக்கில் நடந்தது அதுதான். ஃப்ளின்னின் நாவலில் பொய்யை உண்மை என்று நம்ப வைக்க ஒருத்தி நாட்குறிப்பு எழுதினாள். எடித்தோ தன் கற்பனைக்காக எழுதினாள், அதைப் படித்தவர்கள் உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தரங்கமாக எழுதப்பட்ட எதுவும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நாம் நம்புகிறோம். ஜூரிகளும் அப்படித்தான் நம்பினார்கள்.


செங்காந்தள் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ‘பெல்லா டோனா’ நீதிமன்றத்துக்கு வந்த செய்தியைப் படித்ததும், என் அலமாரியில் இருக்கும் புத்தகங்களை யாராவது வரிசையாக எடுத்து வைத்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். கணவனைக் கொன்ற மனைவியர், மனைவியைக் கொன்ற கணவர்கள், இருவரையும் கொன்ற மூன்றாமவர் என்று அங்கே நிறைய இருக்கிறார்கள். அவற்றைப் படிக்கும் நேரங்களில் நான் மிகவும் அமைதியாக இருக்கிறேன். எடித்தும் தையல் வேலையைப் போல, ஓய்வு நேரத்தில் மனத்துக்கு ஒரு வேலையாகத்தான் அந்தக் கடிதங்களை எழுதியிருப்பாளோ என்று தோன்றுகிறது. நிரூபிக்க என்னால் முடியாது.

மாடிப்படி நண்பரே, நாட்குறிப்பு பொய் என்று அறிவிப்பதில் என்ன திறமை என்று கேட்டீர்கள். முதல் பாகத்தை இரண்டாவது முறை படித்துப் பாருங்கள். நாட்குறிப்பு ஏமி, நமக்குப் பிடித்துப்போகும்படி அளவெடுத்துச் செய்யப்பட்டவள். குறை சொல்ல மாட்டாள், தன்னைத் தானே கேலி செய்துகொள்வாள், கணவனின் தவறுகளைப் பெருந்தன்மையோடு மன்னிப்பாள். ஒரு மனிதர் தன் அந்தரங்க நாட்குறிப்பில் இவ்வளவு இனிமையாக இருப்பாரா என்ற சந்தேகம் எனக்கு வந்திருக்க வேண்டும். கிறிஸ்டியின் பத்து நிமிடங்களைப் போலவே இதுவும் நம் கண்ணெதிரில்தான் இருந்தது.


கடலோரம் எழுதியது:

பாட்ரிசியா ஹைஸ்மித்தின் ‘டீப் வாட்டர்’ நாவலைப் பற்றிப் பேசுகிறேன், 1957இல் வந்தது. முடிவையும் சொல்லப்போகிறேன். 2022இல் வந்த திரைப்படத்தின் முடிவு வேறு, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செங்காந்தள் அக்கா, உங்கள் நிலைமை எனக்குத் தலைகீழாக நடந்தது. இந்த நாவலில் துரோகம் செய்பவள் மனைவி மெலிண்டா. கணவன் விக் அமைதியானவன், படித்தவன், சொந்தமாகச் சிறிய அச்சகம் வைத்து நல்ல புத்தகங்களை மட்டும் மிகுந்த கவனத்தோடு அச்சிடுபவன், மகளிடம் அன்பாக இருப்பவன். மெலிண்டா தன் காதலர்களை ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கே அழைத்து வருகிறாள். விக் அவர்களுக்கு மது ஊற்றிக் கொடுத்து, நள்ளிரவு தாண்டியும் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறான். ஊர் முழுக்க அவன்மேல் இரக்கம், எனக்கும்தான். அவளுடைய பழைய காதலன் ஒருவன் நியூயார்க்கில் யாராலோ கொல்லப்பட்டிருக்கிறான். அவனைக் கொன்றது நான்தான் என்று விக் ஒரு விருந்தில் புதிய காதலனிடம் நிதானமாகச் சொல்கிறான். அது பொய். ஆனால் வந்தவன் பயந்து ஓடிவிடுகிறான். அந்த இடத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

பிறகு உண்மையான கொலையாளி பிடிபட்டு, விக்கின் வதந்தி செல்லாக்காசாகிறது. அடுத்து ஒரு பியானோ வாசிப்பவன் வருகிறான். ஒரு விருந்தில், மற்றவர்கள் வீட்டுக்குள் போயிருக்கும்போது, நீச்சல் குளத்தில் அவனும் விக்கும் மட்டும் இருக்கிறார்கள். விக் அவனுடைய தோள்களைப் பிடித்து நீருக்குள் அழுத்துகிறான். முதலில் விளையாட்டு போலத்தான் தெரிகிறது. அந்த அழுத்தல் எந்த வரியில் விளையாட்டிலிருந்து கொலையாக மாறியது என்று நான் நான்கு முறை தேடிப் பார்த்தேன். என்னால் அந்தக் கோட்டைக் குறிக்க முடியவில்லை. அதைவிட மோசம், அவன் இறந்த பிறகும் விக் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். மெலிண்டாதான் ஆரம்பத்திலிருந்தே உண்மையைச் சொல்கிறாள். இவன் கொன்றான் என்று கத்துகிறாள். ஊர் நம்பவில்லை, நானும் அவள் வாயை மூடினால் தேவலை என்று நினைத்தேன். துரோகம் செய்தவள் சொல்வதை எதற்கு நம்ப வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் எவ்வளவு எளிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்! கடைசியில் அவன் அவளைக் கழுத்தை நெரித்துக் கொல்லும்போதுதான், இருநூறு பக்கங்களாக நான் யார் பக்கம் நின்றுகொண்டிருந்தேன் என்பது உறைத்தது.

இந்த நாவலில் திருப்பம் என்று ஒன்றும் இல்லை. யார் கொன்றார், எப்படிக் கொன்றார், எல்லாம் நமக்குத் தெரியும்.

விக் தன் அறையில் கண்ணாடித் தொட்டிகளில் நத்தைகளை வளர்க்கிறான். இரண்டு நத்தைகள் இணைவதை அவன் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பகுதி, நாவலிலேயே அவன் உண்மையான கனிவோடு இருக்கும் இடம். ஹைஸ்மித்தும் நத்தைகளை வளர்த்தவர். சுவாரசியத்துக்காகச் சொல்லவில்லை, அந்தக் கனிவை அவர் அறிந்து எழுதியிருக்கிறார் என்பதால்தான் விக்கை வெறும் அரக்கன் என்று நம்மால் ஒதுக்க முடிவதில்லை. நீதி நிலைநாட்டப்பட வேண்டும் என்று பொதுமக்கள் காட்டும் ஆர்வம் தமக்குச் சலிப்பூட்டுவதாகவும், அது செயற்கையானது என்றும் அவரே எழுதியிருக்கிறார். அதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஆனால் நீதி கிடைத்தாக வேண்டிய கட்டாயம் கதைக்கு இல்லாததால்தான், அதைப் பற்றி யோசிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.


மாடிப்படி வாசகன் எழுதியது:

கடலோரம் சொன்னதைப் படித்த பிறகு, என் குறையை நான் வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மறைப்பது ஏமாற்று வேலை என்ற என் வாதத்தை ‘டீப் வாட்டர்’ தொடவே இல்லை. அங்கே எதையும் மறைக்காமலேயே வாசகரைத் தவறான பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நாட்குறிப்பு ஏமியின் இனிமையே தடயம் என்ற செங்காந்தளின் விளக்கத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். முதல் பாகத்தை மறுபடியும் எடுத்து நாற்பது பக்கங்கள் படித்தேன்; அவர் சொல்வது சரி.

ஆனால் ஒரு சங்கடம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஏமி தன்மேல் வன்முறை நடந்ததாகப் பொய்ச் சாட்சியங்களை உருவாக்குகிறாள். உண்மையிலேயே அடி வாங்கும் பெண்கள் சொல்வதை நம்பாத உலகத்தில், கோடிக்கணக்கானோர் அறிந்த ஒரு கதை அப்படியொரு பெண்ணை நடுவில் நிறுத்துவது சரியா? இது என் கண்டுபிடிப்பு இல்லை. நாவல் வந்த நாளிலிருந்து பெண்ணியவாதிகள் பலர் கேட்டுவரும் கேள்விதான். பெண்களும் கெட்டவர்களாக இருக்கலாம், அதை எழுத எனக்கு உரிமை உண்டு என்பது ஃப்ளின்னின் நிலைப்பாடு. இரண்டு பக்கமும் எனக்கு நியாயம் தெரிகிறது, அதனால் எந்தப் பக்கமும் நிற்க முடியவில்லை.


நூலகத்து மேசை எழுதியது:

நான் பல ஆண்டுகள் வாடகை நூலகம் ஒன்றை நடத்தியவள். மர்ம நாவல்களின் முதல் பக்கத்தில் பென்சிலால் கொலையாளியின் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போகும் வாசகர் ஒருவர் எங்களிடம் இருந்தார். யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அழிப்பானை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக நான் அழித்துக்கொண்டிருப்பேன். அழுத்தி எழுதியிருந்தால், அழித்த பிறகும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பெயர் பள்ளமாகத் தெரியும். அதனால் சில புத்தகங்கள் வாசகர் கைக்குப் போவது நின்றே போனது. ஆனால் சில புத்தகங்கள், பெயர் தெரிந்தும், தேய்ந்து தையல் விட்டுப்போகும்வரை ஓடிக்கொண்டே இருந்தன. இரண்டாவது வகையில் என்ன இருந்தது என்று அப்போதே யோசித்திருக்கிறேன்.

எமிலி ஜோலாவின் ‘தெரேஸ் ராக்கேன்’ அதற்கு நல்ல உதாரணம். 1867இல் வந்த நாவல். மனைவியும் அவள் காதலன் லோரானும் சேர்ந்து, கணவன் கமிலைச் சேன் ஆற்றில் படகிலிருந்து தள்ளிக் கொல்கிறார்கள். அது பாதிக்கு முன்பே நடந்துவிடுகிறது. வெளியான புதிதில், அழுகிய இலக்கியம் என்று ‘ஃபிகாரோ’ பத்திரிகையில் திட்டினார்கள். அடுத்த பதிப்பின் முன்னுரையில் ஜோலா பதில் எழுதினார்.

அந்த நாவலில் ஒரு காட்சிக்காக நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். கமிலின் தாய்க்குப் பக்கவாதம் வந்து பேச்சும் அசைவும் போய்விடுகின்றன. அவளுக்கு எதுவும் கேட்காது என்பதைப்போல, அவள் முன்னாலேயே இருவரும் சண்டையிட்டுக் கொலையைப் பற்றிப் பேசிவிடுகிறார்கள். மகனைக் கொன்றவர்கள்தாம் தனக்குச் சோறு ஊட்டுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. வியாழக்கிழமைதோறும் நண்பர்கள் வந்து டோமினோ ஆடுவது அந்த வீட்டு வழக்கம். ஒரு வியாழக்கிழமை, மிச்சமிருக்கும் உயிரையெல்லாம் ஒரு கையில் திரட்டி, மேசை விரிப்பின்மேல் விரலால் எழுத்துகளை வரையத் தொடங்குகிறாள். தெரேஸும் லோரானும் என்ற பெயர்கள் வந்துவிட்டன. அடுத்த சொல்லைத் தொடங்குகிறாள். சுற்றியிருப்பவர்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறார்கள், கொலைகாரர்கள் இருவரும் உறைந்துபோய் நிற்கிறார்கள். அங்கே அவளுடைய கை விழுந்துவிடுகிறது. வந்தவர்களில் க்ரிவே என்பவர், எனக்குப் புரிந்துவிட்டது, தெரேஸும் லோரானும் என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று எழுத வந்தாள் என்கிறார். எல்லோரும் ஆமோதிக்கிறார்கள். அந்த மேசையில் ஓய்வு பெற்ற காவல் அதிகாரி ஒருவரும் உட்கார்ந்திருக்கிறார்.

வக்கீல் ஐயா சொன்ன ஜூரிகளும் இந்த க்ரிவேயும் எனக்கு ஒரே இடத்தில் தெரிகிறார்கள். அங்கே முழுக் கடிதங்கள் இருந்தன. இங்கே ஒரு வாக்கியத்தின் பாதிதான் இருந்தது. படித்தவர்கள் தாங்கள் ஏற்கெனவே நம்பியதைத்தான் இரண்டிலும் கண்டார்கள். மாடிப்படித் தம்பி, உங்கள் சங்கடத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஏமியைப் படித்துவிட்டுப் பெண்கள் சொல்வதை நம்பக் கூடாது என்று முடிவு செய்பவர், படிப்பதற்கு முன்பே அந்த முடிவில்தான் இருந்திருப்பார். மெலிண்டாவையும் சேர்த்துப் படித்தால் அவரால் அப்படி நிம்மதியாக இருக்க முடியாது. ஒரு நாவலை மட்டும் படித்து நிறுத்துவதுதான் ஆபத்து என்பது என் அனுபவம்.


புதுவரவு எழுதியது:

வணக்கம். நான் இதுவரை பாக்கெட் நாவல்கள் மட்டுமே படித்திருக்கிறேன். இந்த வகையில் எதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்வீர்களா? ஆங்கிலம் ஓரளவு வரும்.


கடலோரம் எழுதியது:

கிறிஸ்டியின் ஆங்கிலம் எளிமையானது, அங்கிருந்து தொடங்குங்கள். பிறகு ஹைஸ்மித். இந்த இழையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், இங்கே எல்லா முடிவுகளையும் போட்டு உடைத்துவிட்டோம்.


பழைய வக்கீல் எழுதியது:

நூலகத்து மேசை அம்மா சொன்ன அந்தக் காட்சியை நான் படித்ததில்லை. இன்றைக்கே தேடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நம் நாளிதழ்களில் ‘கள்ளக்காதல்’ என்று ஒரு சொல் தலைப்புகளில் வந்துகொண்டே இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிவான மறுநாள் காலையில், குற்றப்பத்திரிகைக்கு மாதங்கள் இருக்கும்போதே, அந்தச் சொல் அச்சாகிவிடும். இறந்தவரோ கைதானவரோ பெண்ணாக இருந்தால் எழுத்தும் பெரிதாகும். பிறர் மனைவியோடு ஓர் ஆண் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்தது. அதன் பிறகும் தலைப்புகளில் அந்தச் சொல் மாறவில்லை. நான் நடத்திய ஒரு வழக்கில், என் கட்சிக்காரப் பெண்ணுக்கு அப்படியோர் உறவு இருந்தது உண்மை. கொலையில் அவருக்குப் பங்கில்லை என்பதும் உண்மை. விடுதலையான பிறகு சொந்த ஊருக்குத் திரும்பிப் போக அவரால் முடியவில்லை. இரண்டு உண்மைகளையும் பிரித்துப் பார்க்க ஊரில் யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. இப்படிப்பட்ட நாவல்களைப் படித்துப் பழகியவர்கள் அந்த ஊரில் நான்கு பேர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. ஒன்றும் ஆகியிருக்காது என்றும் தோன்றுகிறது. ஆனாலும் அந்த நான்கு பேர் இருந்திருக்கலாம் என்றே ஆசைப்படுகிறேன்.

எடித் தாம்சனின் உடல் 2018இல்தான் அவளுடைய பெற்றோரின் கல்லறைக்கு மாற்றப்பட்டது. தூக்கிலிட்டு 95 ஆண்டுகள் கழித்து.


செங்காந்தள் எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்கள் கட்சிக்காரரைப் பற்றிப் படித்த பிறகு ஒரு நாள் முழுக்க என்னால் எதுவும் எழுத முடியவில்லை.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்தேன். ‘கான் கேர்ள்’ புத்தகத்தை என் அண்ணியிடம் கொடுத்தேன். அவருக்குக் கதையைப் பற்றி எதுவும் தெரியாது. நான்கைந்து துண்டுத் தாள்களையும் கொடுத்து, யார் மேல் எப்போது சந்தேகம் வருகிறதோ அந்தப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். நேற்று அவர் வீட்டுக்குப் போனபோது மேசைமேல் புத்தகம் இருந்தது. இரண்டு தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முதல் தாளில் “நிக் எதையோ மறைக்கிறான்” என்று இருந்தது. இரண்டாவது தாள் ஆண்டி வரும் பக்கத்தில் இருந்தது. “இவனேதான்” என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

மூன்றாவது தாள் அதற்குப் பிறகு ஏமியின் நாட்குறிப்புக்குள் கிடந்தது, வெளியே நீட்டாமல் உள்ளே செருகியிருந்தது. “பாவம், இந்தப் பெண் ஏன் யார் மேலும் கோபப்படுவதே இல்லை?” என்று எழுதியிருக்கிறார். நான் தவறவிட்ட இடத்தை அவர் தொட்டுவிட்டார், ஆனால் அதை இரக்கமாக மட்டும் எழுதியிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லாமல் தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். முதல் பாகம் முடிய அவருக்கு இன்னும் இருபது பக்கங்கள் இருக்கின்றன.